யோசனையைச் சொல்லலாமா?

நண்பர்கள் இருவர் ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் போதிய பணம் இல்லை. புதிய நிறுவனங்களுக்குச் சில மாதப் பயிற்சியும் சிறிது முதலீடும் தந்து, அதற்கு ஈடாக நிறுவனத்தில் ஒரு சிறு பங்கைப் பெற்றுக்கொள்ளும் மையங்கள் பல நாடுகளில் உள்ளன. இவற்றைத் தொழில் முடுக்கி மையங்கள் என்பர். நண்பர்கள் அப்படியொரு மையத்திற்கு விண்ணப்பிக்கிறார்கள். ‘உங்கள் நிறுவனம் என்ன செய்யப்போகிறது?’ என்று படிவம் கேட்கிறது. ஒருவர் எழுதத் தொடங்க, மற்றவர் தடுக்கிறார். “எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அவர்களே செய்துவிட மாட்டார்களா?”

இந்த அச்சம் இயல்பானதுதான். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒய் காம்பினேட்டர் இத்தகைய மையங்களுக்கு முன்னோடி. அவ்வாண்டு வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களான ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் அங்கு விண்ணப்பித்தனர். கைப்பேசி வழியாக உணவுக்குச் சொல்லி வைப்பதே அவர்களின் திட்டம். ஐபோன் வெளிவர இன்னும் ஈராண்டுகள் இருந்தன! மையம் அவர்களை நிராகரித்தது. ஆனால், மறுநாளே அழைத்து, வேறு திட்டத்தோடு வந்தால் சேர்த்துக்கொள்வதாகக் கூறியது. அப்படிப் பிறந்ததுதான் ரெடிட் இணையத்தளம். மையம் தேடியது யோசனையை அன்று, ஆட்களை. இன்று நாம் கைப்பேசியில் ரொட்டி சானாய் வரவழைத்து உண்கிறோம். அந்த மாணவர்களின் விண்ணப்பத்தைத் திருடியா இது வந்தது? இல்லை. ஒரே யோசனை பலருக்கும் தோன்றக்கூடியது.

மலேசியாவிலும் இதற்குச் சான்று உண்டு. ஆண்டனி டானும் டான் ஹூய் லிங்கும் தங்கள் டாக்சித் திட்டத்தை 2011இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் போட்டியில் நடுவர்கள் முன் எடுத்துரைத்தனர். 2012இல் அது மைடெக்சியாகத் தொடங்கி, பின்னர் கிராப் ஆனது. டாக்சி ஓட்டுநர்களைத் தேடிச் சென்று இணங்க வைத்ததே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி மையத்தைக் கேட்கலாமே என்று தோன்றலாம். ஒய் காம்பினேட்டர் அதற்கு இணங்குவதில்லை. வந்து குவியும் விண்ணப்பங்களில் பல ஒன்றுபோலவே இருக்கும். ஒருவருக்குக் கையெழுத்திட்டுவிட்டு இன்னொருவருக்கு உதவினால் வழக்குத்தான் மிஞ்சும்.

அதற்காக எதையும் மறைக்க வேண்டாம் என்று பொருளில்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெறும் கருத்தைக் காப்பதில்லை. அது வெளிப்படும் வடிவத்தையே காக்கிறது. புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர் நிலைமை வேறு. அதைப் பலரறிய வெளியிட்டுவிட்டால், பிறகு காப்புரிமை பெறுவது சிக்கலாகலாம். மலேசியச் சட்டம் ஓராண்டு சலுகை தந்தாலும் எல்லா நாடுகளும் அவ்வாறு தருவதில்லை. ஆகவே, மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் முதலில் விண்ணப்பித்துவிடுவதே நல்லது. சம்பல் விற்க நினைப்பவரோ, அது எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், யார் வாங்குவார்கள் என்பதையெல்லாம் தாராளமாக எழுதலாம். செய்முறை மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

‘புரட்சிகரமான செயலி, விவரம் நேரில்’ என்று எழுதி அனுப்புவோரும் உண்டு. படிப்பவருக்கு அதில் மதிப்பிட ஒன்றுமில்லை. அவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார்.