பதினொரு குதிரையிலிருந்து நாலு குதிரைக்கு

ஆரணிப் பக்கத்தில் ஒருவர் தன் யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐக் கொடுத்துவிட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.100 வாங்கினால் அதைப் பார்க்கிறவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். "குடும்பஸ்தன் ஆயிட்டாரு" என்பார்கள். பாயும் வண்டியிலிருந்து மூட்டை சுமக்கும் வண்டிக்கு இறங்கிவிட்டார் என்பது அதன் பொருள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு, குழந்தை இருக்கை பொருத்துகிற அகலமான காருக்கு மாறுகிற அப்பாக்களிடம் பேசப்படும் அதே பேச்சு இது. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் காரின் இடத்தில் ஆர்.எக்ஸ்.100 நின்றது. குடும்பக் காரின் இடத்தில் இன்றும் எக்ஸ்.எல். நிற்கிறது.

இரண்டின் இன்ஜினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பரிதாபத்துக்கு இடமில்லை. யமஹாவின் இன்ஜின் 98 சி.சி. எக்ஸ்.எல்.லின் இன்ஜின் 99.7 சி.சி. அளவில் எக்ஸ்.எல். ஒரு துளி பெரியது. ஆனால் யமஹா நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தருகிறது. எக்ஸ்.எல். 6,000 சுற்றில் 4.3 குதிரைத்திறன்தான் தருகிறது. அளவு ஒன்றாக இருந்தும் திறன் ஏன் பாதிக்கும் கீழே போனது? இதற்கு விடை தெரிந்தால், வண்டி மாற்றுகிறவர் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார் என்பது விளங்கிவிடும்.

முதல் காரணம், டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் வேறுபாடு. ஆர்.எக்ஸ். டூ ஸ்ட்ரோக் வண்டி. பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் போதும், ஒரு வெடிப்பு நடந்துவிடும். 7,500 சுற்று என்றால் நொடிக்கு 125 சுற்று, அதாவது நொடிக்கு 125 வெடிப்பு. எக்ஸ்.எல்.100 ஃபோர் ஸ்ட்ரோக். காற்றையும் பெட்ரோலையும் இழுக்க, அழுத்த, வெடிக்க, புகையைத் தள்ள என்று நான்கு தனித்தனி வேலைகளுக்குப் பிஸ்டன் இரண்டுமுறை மேலும் கீழும் போய்வர வேண்டும். 6,000 சுற்றில் ஓடினாலும் நொடிக்கு 50 வெடிப்புதான். 125 வெடிப்புக்கும் 50 வெடிப்புக்கும் உள்ள தூரம்தான் குதிரைத்திறனில் தெரியும் தூரத்தின் பெரும்பங்கு.

இரண்டாவது காரணம் சைலன்சருக்குள் இருக்கிறது. ஆர்.எக்ஸ்.காரர்கள் அந்தச் சத்தத்தின் மேல் உயிரையே வைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் குழாய் வெறும் சத்தக் குழாய் இல்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புதுக் கலவை உள்ளே வருகிற நேரத்தில் புகை வெளியேறும் துளையும் திறந்தேதான் இருக்கும். அதனால் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து நழுவி வெளியே ஓடிவிடும். இதைத் தடுக்கத்தான் குழாயை விரிந்து குறுகும் வடிவத்தில் செய்தார்கள். வெடிப்பிலிருந்து கிளம்பும் அழுத்த அலை குழாயின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பி வரும். தறியில் நாடா பாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்த் திரும்புவதுபோல அது ஓடுகிறது. துளை மூடுவதற்குச் சரியாக முன்னால் அலை வந்து சேர்ந்தால், வெளியே நழுவிய கலவையைத் திரும்பவும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்த நொடியில் இன்ஜின் தன் அளவுக்கு மீறிய கலவையை எரிக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது முதுகில் ஒரு தள்ளாகத் தெரியும்.

இந்தக் குழாய்க் கணக்கைத் துல்லியமாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் 1950-களில் வேலை பார்த்த வால்டர் காடன். பணமும் உலோகமும் பற்றாக்குறையான ஒரு நாட்டில், சின்ன இன்ஜினிலிருந்து பெரிய திறனை எடுத்துக் காட்டிய மனிதர் அவர். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்குப் பக்கம் தப்பிப்போய், அந்தக் குழாய் நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே சுசுகிக்கு 50 சி.சி. உலக சாம்பியன் பட்டம் கிடைத்தது. அதன்பிறகு ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உலகம் முழுக்க ஓடின. 1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் இந்தியாவுக்கு வந்த ஆர்.எக்ஸ்.100-உம் அந்த வழியில் பிறந்த வண்டிதான். மெல்லிய சட்டம், நாலு கியர், சுமார் நூறு கிலோ எடை. அதைக் காதலித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல பொறியியலை உடம்பால் உணர்ந்தவர்கள் அவர்கள்.

ஆனால் அந்த அலை சரியான நேரத்தில் திரும்பி வருவது ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும்தான். ஆர்.எக்ஸ்.ஸின் முழு முறுக்குவிசை (டார்க்) 6,500 சுற்றில் கிடைக்கிறது. அதற்குக் கீழே அலை சீக்கிரமாகவே திரும்பி வந்து வீணாகிவிடும். கலவை நழுவி வெளியே போகும். ஆரணி பழைய பஸ் நிலையத்தைச் சுற்றி முப்பதில் நகர்கிறபோது, காலை வேளையில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்கிறபோது, இந்த வண்டி பெட்ரோல் குடிப்பதும் புகைப்பதும் அதனால்தான். அதன் திறமை எல்லாம் காலியான சாலைக்கு உரியது. குடும்பம் நடத்துகிறவருக்குக் காலியான சாலை எத்தனை நாள் கிடைக்கும்?

எக்ஸ்.எல்.லின் கணக்கு நேர் எதிரானது. அதன் அதிகபட்ச முறுக்குவிசை 6.5 நியூட்டன் மீட்டர். யமஹாவின் 10.39-ஓடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அது 3,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. கைப்பிடியை லேசாகத் திருகினாலே தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடும். மெக்கானிக்குகள் 'புல்லிங்' என்று சொல்வது இதைத்தான்.

இதற்குத் துணை நிற்பது கிளட்ச். எக்ஸ்.எல்.லில் கியரும் கிடையாது, கிளட்ச் கம்பியும் கிடையாது. இன்ஜினோடு சுற்றுகிற தண்டில் ஸ்பிரிங் பிடித்து வைத்த சின்னக் கட்டைகள் இருக்கும். சுற்று கூடக்கூட அவை வெளிப்பக்கம் விரிந்து, தம்மைச் சூழ்ந்த கிண்ணத்தின் உட்சுவரைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் சக்கரம் உருளும். ஆக்சிலரேட்டரை விட்டால் கட்டைகள் சுருங்கிவிடும், வண்டி நிற்கும், இன்ஜின் அணையாது. இடது கைக்கும் இடது காலுக்கும் கியர் வேலை இல்லை. புடவை கட்டிய பெண்மணி ஏறி உட்கார வண்டியின் நடுவில் தடுப்பு இல்லை. வீட்டில் ஆர்.எக்ஸ். நின்றால் அது ஒருவருடைய வண்டி. எக்ஸ்.எல். நின்றால் மனைவியும் ஓட்டுவார், அறுபது வயது மாமியாரும் ஓட்டுவார். குடும்ப வண்டி என்பதற்கு என் கணக்கில் இதுதான் முதல் தகுதி. அது ஒருவரை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

இந்த வம்சம் 1980-இல் ஓசூரில் தொடங்கியது. அந்த வருடம் வந்த டி.வி.எஸ்.50 இந்தியாவின் முதல் இரண்டு இருக்கை மொபெட். அதுவரை மொபெட் என்றால் ஒருவர் போகிற வண்டி. பின்னால் இன்னொருவர் உட்காரலாம் என்ற ஒரே மாற்றத்தால் அது குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டது. பின்னர் 70 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்.எல். சூப்பர் பல வருடம் ஓடியது. 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல்.100 வந்தது. 2020-இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டரும் போய், கணினி பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் முறை வந்தது. எளிமையான வண்டி என்பதால் பழையதிலேயே தேங்கி நிற்கிறது என்று நினைக்க வேண்டாம்.

சுமைக்கு வருவோம். ஆரணி பட்டுக்கு மட்டும் இல்லாமல் அரிசிக்கும் பேர்போன ஊர். 25 கிலோ சிப்பம் ஒன்றை எக்ஸ்.எல்.லில் எங்கே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். கால் வைக்கும் இடத்தில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரைக்கு ஓர் அடி உயரத்தில் வைக்கிறார்கள். எடை கீழே இருப்பதால் வண்டி சாயத் துடிக்காது. இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பதால் முன்சக்கரமும் பின்சக்கரமும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆர்.எக்ஸ்.ஸில் நடுவில் பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. சுமையைப் பின்சீட்டில், இடுப்பு உயரத்தில், பின் அச்சை ஒட்டியோ அதற்கும் பின்னாலோதான் கட்ட முடியும். அப்போது முன்சக்கரம் லேசாகிவிடும், கைப்பிடி அலையும், திருப்பத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பலம் கூடிய வண்டிதான், ஆனால் அந்தப் பலத்தை அரிசி மூட்டைக்குச் செலவிட அதன் சட்டம் இடம் தரவில்லை. எக்ஸ்.எல்.லில் பின்சீட்டைக் கழற்றி வைத்தால் அங்கே ஒரு தட்டு கிடைக்கும். பால் கேன், புல் கட்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில் போகும். சமையல் கேஸ் 14.2 கிலோ, இரும்பு ஏறக்குறைய அதே எடை, ஆக ஒரு நிறை சிலிண்டர் சுமார் முப்பது கிலோ வரும். அதைத் தட்டில் கட்டிக்கொண்டு நிதானமாகப் போகிற எக்ஸ்.எல்.களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

பட்டின் கதை வேறு. பட்டுக்குக் கனம் இல்லை, கவலை உண்டு. ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, முள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் நெசவாளர்கள் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கிவந்து வீட்டுத் தறியில் நெய்கிறார்கள். நெய்த சேலையை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். பல நாள் உழைப்பு ஒரு மஞ்சள் பையில் போகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். எரியாத ஆயில் சைலன்சர் நுனியில் கருப்பாகக் கசிந்து, பின்னால் துளியாகத் தெறிக்கும். வெளிர் நிறப் பட்டில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், கூலி பிடித்தம்தான். பையைப் பின்சீட்டின் ஓரத்தில் தொங்கவிட்டால் இந்தப் பயம் எப்போதும் கூடவே வரும். எக்ஸ்.எல்.லில் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறது, புகையில் அது வருவதில்லை. பையும் முன்னால், கண்பார்வையில், இரண்டு முழங்காலுக்கு நடுவில் இருக்கும்.

சக்கரத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்.எல்.லுக்கு 16 அங்குலச் சக்கரம். பல ஸ்கூட்டர்களுக்கு 10 அங்குலம்தான். சக்கரம் சிறியதாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி முட்டும். பெரியதாக இருந்தால் பள்ளத்தின் மேல் உருண்டு போகும். ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலைக்கு, அங்குள்ள சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் பதினாறடிச் சிலையைப் பார்க்கக் கிராமச் சாலை வழியாகப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த வழியில் யாருக்கும் நாற்பதுக்கு மேல் வேகம் தேவைப்படுவதில்லை. 11 குதிரையில் ஏழு குதிரை அங்கே சும்மாதான் இருக்கும்.

இழப்பு இல்லை என்று சொல்லவில்லை. வேலூர்ச் சாலையில் முன்னால் ஒரு லாரி, எதிரே ஒரு பஸ் என்று வரும்போது ஆர்.எக்ஸ்.காரர் ஒரு கியரைக் குறைத்துத் திருகினால் ஆபத்திலிருந்து வெளியே வந்துவிடுவார். எக்ஸ்.எல்.லில் அந்தக் கையிருப்பு கிடையாது. அறுபதை எட்டுவதற்குள் வண்டி திணறும். அதனால் லாரியை முந்தவே கூடாது, பின்னால் பொறுமையாகப் போக வேண்டும். தினமும் நெடுஞ்சாலையில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகிறவருக்கு எக்ஸ்.எல். சரியான வண்டி இல்லை. அவர் ஒரு சாதாரண நூறு அல்லது நூற்றிருபத்தைந்து சி.சி. பைக் வாங்குவது நல்லது. ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் மட்டும் ஓடுகிறவர் தயங்க வேண்டியதில்லை.

ஆர்.எக்ஸ்.100-இன் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. இன்று ஓடுகிற எந்த ஆர்.எக்ஸ்.100-க்கும் வயது முப்பதை நெருங்கியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். பதினைந்து வருடம் முடிந்தபிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துப் பசுமை வரியும் கட்ட வேண்டும். உதிரிப் பாகங்களில் அசலும் போலியும் கலந்து கிடக்கின்றன. அதே சமயம் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. விற்கிறவர் அவசரப்பட்டுக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். அதைப் பேணிக் காக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். சைலன்சரை அறுத்துச் சத்தம் கூட்டுகிறவருக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் குழாயின் வடிவம் கெட்டால் திரும்பி வரும் அலையும் கெடும், இருந்த திறனும் போகும்.

புது வண்டி வாங்குகிற இளம் அப்பா, அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். கால் வைக்கும் இடம் அகலமாக இருக்கிறது என்று குழந்தையை அங்கே நிற்க வைத்துக்கொண்டு போகிறார்கள். அது அரிசிச் சிப்பத்துக்கான இடம். திடீரென்று பிரேக் போட்டால் குழந்தையின் முகம் நேராகக் கைப்பிடியில் மோதும். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும் கட்டாயம். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. எக்ஸ்.எல். வாங்க ஒதுக்கிய பணத்தில் பட்டைக்கும் சின்ன ஹெல்மெட்டுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள், ஷோரூமிலிருந்து வண்டியை எடுக்கிற அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.