ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப்: என்ட்ரி மட்டும் போட்டால் போதுமா?

பி.காம், பி.பி.ஏ. படிப்பவர்களுக்கு செமஸ்டர் லீவில் இன்டர்ன்ஷிப் என்றதும் நினைவுக்கு வருவது பக்கத்துத் தெரு ஆடிட்டர் ஆபீஸ்தான். சொந்தக்காரர் யாராவது ஒரு போன் போட்டால் திங்கட்கிழமையே போய் உட்கார்ந்துவிடலாம். முதல் நாள் ஒரு கட்டு பில்லைக் கொடுத்து, டேலியைத் திறந்துவிட்டு, "இதெல்லாம் என்ட்ரி போடுப்பா" என்பார்கள். ஒரு மாதம் கழித்தும் அதே கட்டு, அதே என்ட்ரி என்றால்? சர்ட்டிபிகேட் கிடைத்துவிடும். ஆனால் இன்டர்வியூவில் "அங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் "டேலி என்ட்ரி" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் வராது.

என்ட்ரி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் நீங்கள் போட்ட ஒரு பில்லாவது கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள்.

ஒரு பில்லின் பயணம்

உதாரணத்துக்கு, ஒரு ஹார்டுவேர் கடை 50,000 ரூபாய்க்கு பெயின்ட் வாங்குகிறது. 18% ஜிஎஸ்டி 9,000 ரூபாய், மொத்தம் 59,000. டேலியில் எஃப்9 தட்டி பர்ச்சேஸ் போடுகிறீர்கள். சப்ளையரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கினால் அது தமிழ்நாட்டுப் பதிவு; பொதுவாக மத்திய வரி 4,500, மாநில வரி 4,500 என்று பிரியும். 29 என்றால் கர்நாடகா. முழு 9,000-மும் ஐஜிஎஸ்டி. அந்த முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதித் தப்பு குறையும்.

அடுத்துதான் கதையே. மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர், இந்த விற்பனையை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்ட வேண்டும். காட்டினால் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் நம் கடைக்காரர் பெயரில் அந்த 9,000 வந்து நிற்கும். 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்யும்போது, கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சப்ளையர் காட்டவில்லையா? வரியோடு சேர்த்து முழுப் பணத்தையும் அவரிடம் கொடுத்திருந்தாலும், அந்த மாதம் 9,000 ரூபாயைக் கடைக்காரர் கையிலிருந்து போட வேண்டியதுதான்.

நீங்கள் தப்பான பார்ட்டி லெட்ஜரில் ஒரு சேல்ஸ் பில்லைப் போட்டாலும் இதேதான் நடக்கும். யாரோ வாங்கிய சரக்குக்கான வரி வரவு வேறு யாருக்கோ போகும். அதனால்தான் சீனியர்கள் 2பி-யையும் பர்ச்சேஸ் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திட்டிக்கொண்டே டிக் அடிக்கிறார்கள். அந்த வேலையை ஒரே ஒரு கிளையன்ட்டுக்காவது கேட்டு வாங்குங்கள்.

எப்போது கேட்பது?

7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டும் நாள். 11, 20 ஜிஎஸ்டி நாட்கள். அன்றைக்குப் போய் "அக்கா, அக்ரூவல்னா என்ன?" என்று கேட்டால் பதில் வராது, முறைப்புதான் வரும். சந்தேகங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்து 21-க்கு மேல் மொத்தமாகக் கேளுங்கள். அதுவும் "புரியல" என்று மொட்டையாகக் கேட்காமல், "இந்தச் செலவை ரிப்பேர்ல போட்டிருக்கேன், மெஷின் கணக்குல போகணுமா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் நின்று சொல்லிக்கொடுப்பார்கள்.

பேங்க் ரீகன்சிலியேஷனையும் விடாதீர்கள். பிளஸ் ஒன்னில் 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். பணம் வந்தால் நம் புத்தகத்தில் பற்று, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வரவு என்ற குழப்பம் உண்மையான ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் ஒரே நாளில் தீரும். எதற்கென்று தெரியாத தொகையை அனாமத்தில் தள்ளுவது ஈசி. கடைக்காரருக்கு போன் செய்து விசாரிப்பதில்தான் தொழில் புரிகிறது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை, சில விலக்குகள் தவிர, வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதெல்லாம் அப்படி விசாரிக்கும்போது மண்டையில் ஏறுவதுதான்.

இதில் ஏமாற வேண்டாம்

"இதையே சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்பா காட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பும் பாஸ் செய்தபின், ஐசிஏஐ-யில் பதிவு செய்து பார்க்கும் இரண்டு வருடப் பயிற்சி. கல்லூரி இன்டர்ன்ஷிப் வேறு. ஸ்டைபெண்ட் உண்டா, பஸ் காசாவது உண்டா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

கிளையன்ட்டின் பான் எண், பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் உங்கள் போனில் தங்கக் கூடாது. பிராக்டிஸுக்கு என்று டேலி பேக்கப்பை பென்டிரைவில் எடுத்துப் போவதும் கூடாது. ரெஸ்யூமில் கிளையன்ட் பெயரைப் போடாமல், "மூன்று சில்லறைக் கடைகளுக்கு 2பி ஒப்பீடு, ஐந்து கணக்குகளுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன்" என்று செய்ததை மட்டும் எழுதுங்கள். சர்ட்டிபிகேட்டிலும் தேதியோடு இந்த வேலைகள் வரும்படி கேளுங்கள். கடைசி வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஜூலை, செப்டம்பர் கடைசியில் போய் நின்றால் ஆடிட்டருக்குக் கையெழுத்துப் போடக்கூட நேரம் இருக்காது.