துப்பாக்கியில் யாராவது கை வைத்தால்?

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஓர் ஏ.டி.எம். வாசலில் கேஷ் வேன் வந்து நிற்கிறது. இரண்டு பேர் பணப்பெட்டியோடு உள்ளே போகிறார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற காவலாளி ஒருவர் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறார். பணம் எடுக்க வந்த இளைஞர் காத்திருந்து சலித்துப்போய் அவரிடம் பேச்சுக் கொடுக்கிறார். “ஏனுங்கண்ணா, இது நெசத் துப்பாக்கிங்களா?” கேட்கும்போதே அவர் கை குழலைத் தொட்டுவிடுகிறது.

அந்த நொடியில் காவலாளி என்ன செய்ய வேண்டும்? எதைச் செய்யக் கூடாது? துப்பாக்கி தாங்கும் வேலையில் இருப்பவர்களும், லைசென்ஸ் வைத்திருப்பவர்களும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

யார் தாங்கலாம், எப்படி?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரணக் குடிமகன் இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரியக் கடைவீதிக்குப் போகலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. ஆயுதச் சட்டம், 1959 படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் இருந்தாலும், பொது இடத்தில் கொண்டுபோகும்போது அது உறையிலோ பையிலோ முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன ஆயுத விதிகள், 2016. பொது இடத்தில் எடுத்துக் காட்டுவதும் ஆட்டுவதும் தடை.

திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குக் கொண்டுபோகவும் லைசென்ஸ் நிபந்தனைகள் இடம் கொடுப்பதில்லை. திருச்செங்கோட்டுத் தேருக்கும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் போகிறவர் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு, லைசென்ஸும் போகலாம்.

ஆகவே நம் ஊர்களில் துப்பாக்கி வெளியே தெரிய நிற்கிறவர்கள் பெரும்பாலும் போலீஸ்காரர்கள், வங்கிக் காவலாளிகள், கேஷ் வேன் காவலாளிகள்தான். ஒரு கேஷ் வேனில் டிரைவர் தவிர ஆயுதம் தாங்கிய இரண்டு காவலாளிகள் இருக்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2018இல் விதி வகுத்தது. பணம் ஏற்றி இறக்கும்போதும், டீ, சாப்பாட்டு இடைவேளையிலும் ஒரு காவலாளியாவது வண்டியோடு இருக்க வேண்டும். நகரத்தில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமப்புறத்தில் மாலை 6 மணிக்கு மேலும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில்தான் வேலை என்பதால், கூட்டத்துக்கு நடுவே துப்பாக்கியோடு நிற்பது அவர்களுக்குத் தினசரி வழக்கம்.

கை பட்டவுடன்

துப்பாக்கியில் கை வைக்கிறவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் இல்லை. ஆசைப்பட்ட சிறுவன், செல்ஃபி எடுக்க நெருங்கும் இளைஞன், தள்ளாடி வரும் குடிகாரர், நெரிசலில் உரசிப் போகிறவர் என்றுதான் இருப்பார்கள். ஆனால் தொட்டவரின் எண்ணம் என்ன என்பது அந்த நொடியில் தெரியாது. அதனால் ஆள் யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: துப்பாக்கியை அவர் கைக்கு எட்டாமல் செய்வது.

தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கி என்றால் கட்டையை முழங்கையால் விலாவோடு அழுத்திக்கொள்ள வேண்டும். துப்பாக்கி இருக்கும் பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பி, இரண்டடி விலக வேண்டும். குழல்வாய் யாரையும் நோக்காமல் இருக்க வேண்டும். விரல் விசை வளையத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இடுப்பு உறையில் உள்ள கைத்துப்பாக்கி என்றால் உள்ளங்கையால் பிடியை உறைக்குள் அழுத்திக்கொண்டு உடம்பைத் திருப்பினால் போதும். வெளியே உருவக் கூடாது. உருவினால், உறைக்குள் பத்திரமாக இருந்த துப்பாக்கியை இரண்டு பேர் கைக்கு நடுவில் கொண்டுவந்ததாக ஆகும்.

அதே நேரத்தில் வாயும் பேச வேண்டும். “தொடாதீங்க தம்பி, தள்ளி நில்லுங்க.” சத்தமாக, ஆனால் திட்டாமல் சொல்ல வேண்டும். விளையாட்டாகத் தொட்டவர் அசடு வழிந்து நகர்ந்துவிடுவார். நகராதவர் யார் என்பதும் அப்போது தெரிந்துவிடும். அந்தக் குரல் உள்ளே இருக்கும் சக ஊழியருக்கும் எச்சரிக்கை. சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் அவர்களே சாட்சி.

கோபத்தில் துப்பாக்கியைத் தொட்டவர் பக்கம் திருப்பிக் காட்டுவதுதான் பெரிய தவறு. வெறுமனே தொட்டது பெரும்பாலும் ஒரு கண்டிப்போடு முடிந்துபோகும் விஷயம். அதற்குப் பதிலாகக் குழலைக் காட்டி மிரட்டினால் குற்றமுறு மிரட்டல் வழக்கு காவலாளி மேல் வரும்.

பிடுங்க வந்தால்

பிடித்து இழுத்தால் கதை வேறு. இரண்டு கையாலும் துப்பாக்கியை மார்போடு அணைத்து, முதுகைச் சுவரிலோ வண்டியிலோ சாய்த்து, உதவிக்குக் கத்த வேண்டும். இழுபறியின் நடுவே விசைப் பக்கம் யார் விரலும் போகக் கூடாது. அந்த நேரத்தில் வெடிக்கும் குண்டு யார் மேல் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பயிற்சி பெற்றவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2017 டிசம்பரில் நகைக்கொள்ளை வழக்கில் குற்றவாளிகளைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன சென்னை மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அங்கே நடந்த கைகலப்பில் குண்டு பாய்ந்து இறந்தார். அவருடைய துப்பாக்கியைப் பிடுங்கிக் கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. விசாரித்த ராஜஸ்தான் போலீஸ், உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததே காரணம் என்றது. நெருக்கத்தில் நடக்கும் தள்ளுமுள்ளுவில் துப்பாக்கி தன் பக்கத்து ஆளையும் விட்டுவைக்காது.

போலீஸ் அல்லது ராணுவத்தினரின் துப்பாக்கியைப் பலவந்தமாகப் பறித்தால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று 2019 திருத்தம் சொல்கிறது. தனியார் காவலாளியின் துப்பாக்கிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பறிப்பு, கொள்ளைப் பிரிவுகள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றமும் பறித்தவர் மேல் சேரும்.

சுடலாமா?

தற்காப்பு உரிமையைச் சட்டம் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைப் பற்றியவை. அந்த உரிமைக்கு எல்லை உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை போன்ற, சட்டம் குறிப்பிடும் சில நிலைகளில்தான் எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அது நீளும். குழலில் விரல் பட்டது அந்த நிலை ஆகாது. வெட்டரிவாளோடு நாலு பேர் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்குவது அந்த நிலை ஆகலாம். ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிகிறது; கைவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. வானத்தை நோக்கிச் சுடுவதும் பாதுகாப்பான வழி இல்லை. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“துப்பாக்கியைப் பிடுங்க வந்தார்கள், சுட்டேன்” என்ற வாக்குமூலத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே போலீஸ் காவலில் இருந்த நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீஸ் சொன்ன காரணம் அதுதான். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, அந்தக் கதையை நம்ப முடியாது என்று 2022இல் அறிக்கை தந்தது. 10 போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்தவும் பரிந்துரைத்தது. சீருடைப் படைக்கே இந்தக் கேள்வி என்றால் தனியார் காவலாளியை யார் விடப்போகிறார்கள்?

பிறகு செய்ய வேண்டியவை

ஆள் நகர்ந்ததும் ஓரமாக ஒதுங்கித் துப்பாக்கியைச் சரிபார்க்க வேண்டும். விசைப் பூட்டு நகர்ந்திருக்கலாம், வார் அவிழ்ந்திருக்கலாம். சக ஊழியரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லி, நேரம், இடம், ஆளின் அடையாளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிடுங்கும் முயற்சி நடந்தால் உடனே 112க்குப் போன் செய்து, ஏ.டி.எம். கேமராப் பதிவை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். துப்பாக்கி பறிபோய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுத்தாக வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து மறைத்தால், நாளை அந்தத் துப்பாக்கியால் நடக்கும் குற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

வெளியில் பேசப்படாத ஒரு வழக்கமும் இருக்கிறது. டீ குடிக்கப் போகும்போது “கொஞ்சம் பிடிச்சுக்கோங்கண்ணா” என்று டிரைவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போவது. அதை வைத்திருக்க உரிமை இல்லாதவர் கையில் கொடுப்பது, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் குற்றம். சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட மறுக்கக் கூடாது. அவர் துப்பாக்கியைப் பார்க்கக் கேட்டால் வண்டிக்குள்ளோ ஓரமாகவோ போய், தோட்டாவை எடுத்துவிட்டுக் காட்டுவதே முறை.

நமக்கு

கேஷ் வேன் நிற்கும் இடத்தில் நாலடி தள்ளி நில்லுங்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவலாளி முறைத்தால் கோபப்படாதீர்கள். 2024 செப்டம்பரில் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்துப் பணத்தோடு கன்டெய்னர் லாரியில் தப்பிய கும்பலை நாமக்கல் மாவட்டப் போலீஸ் குமாரபாளையம் பக்கத்தில்தான் விரட்டிப் பிடித்தது. நெடுஞ்சாலையோரம் பணத்தைக் காக்கிறவருக்கு எச்சரிக்கையாக இருக்கக் காரணம் இருக்கிறது. அவர் கையில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கும் உரிமை லைசென்ஸ் இல்லாத யாருக்கும் கிடையாது. தொட்டவரைச் சுடும் உரிமை அவருக்கும் கிடையாது.