கும்பாபிஷேகம்னா புதுப் பெயின்ட் மட்டும்தானா? பழைய கோயிலை எப்படிப் புதுப்பிக்கணும்?

ஊர்க் கோயிலில் திருப்பணி ஆரம்பிச்சாச்சு. சாரம் கட்டியாச்சு, சிமென்ட் மூட்டையும் வந்தாச்சு. ஆனால் பல நூற்றாண்டு பழைய கோயிலை வீடு மாதிரி பழுது பார்க்க முடியுமா? முடியாது. ஏன் என்பதற்கு நல்ல உதாரணம் ஸ்ரீரங்கம்.

ஸ்ரீரங்கத்தில் என்ன நடந்தது?

108 திவ்ய தேசங்களில் முதலாவது, அரங்கநாதர் கோயில். 7 பிராகாரங்கள், சுமார் 156 ஏக்கர். இங்கே பெரிய அளவில் திருப்பணி நடந்து, 2015-ல் கும்பாபிஷேகம் நடந்தது. பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. மழைநீர் வெளியேறும் பழைய வடிகால் அமைப்பு மீட்கப்பட்டது. இந்தப் பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

சிமென்ட் பூசினால் என்ன?

பழைய சுவரில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் விட்டு அரைப்பார்கள். சுவருக்குள் போகும் ஈரம் இதன் வழியாகவே வெளியேறிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். அதிலுள்ள உப்பு படிந்து, செங்கலும் கல்லும் உதிர ஆரம்பிக்கும். வெளியே பளிச்னு இருக்கும், உள்ளே சுவர் அரிக்கும்.

ஸ்ரீரங்கத்தில் மூலவரே சுதைத் திருமேனிதான். அதனால் அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். எந்தப் பொருளை எப்படிக் காக்கணும் என்ற அறிவு, வழிபாட்டு முறையிலேயே இருக்கு.

மணல் வீச்சு ஏன் ஆபத்து?

கருங்கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்க, இயந்திரம் வைத்து மணலை வேகமாக அடிப்பதுதான் மணல் வீச்சு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேற்பரப்பும் போயிடும். கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான்.

ஸ்ரீரங்கத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு எரிக்கக் காசு வைத்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கு. கோயிலுக்குள் ஆரோக்கியசாலை என்ற மருத்துவமனை நடந்ததையும் கல்வெட்டுதான் சொல்கிறது. எழுத்து தேய்ந்தால் இன்னொரு பிரதி கிடையாது.

ஆகமம் என்ன செய்கிறது?

வேலை தொடங்கும் முன் பாலாலயம். தெய்வ சக்தியைத் தற்காலிகமாக வேறொரு பிம்பத்துக்கோ கும்பத்துக்கோ மாற்றி, அங்கே பூஜை தொடரும். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம். 12 ஆண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கமே, விரிசல், செடி, ஒழுகல் எல்லாவற்றையும் முறையாகப் பார்க்கச் செய்யும் ஏற்பாடு மாதிரிதான்.

கோர்ட் என்ன சொன்னது?

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பழமையான கோயில்களைப் பாதுகாக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. 17 பேர் கொண்ட பாரம்பரிய ஆணையம் அமைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

நாம் என்ன கேட்கலாம்?

உங்க ஊர்க் கோயிலில் திருப்பணி என்றால் மூணு கேள்வி கேளுங்க. கல்வெட்டுகளைப் படி எடுத்தாச்சா? பூசுவது சுண்ணாம்பா, சிமென்ட்டா? கல்லை எதை வைத்துச் சுத்தம் செய்றாங்க? நன்கொடை கொடுக்கும் முன்பே கேட்டுடுங்க. மணல் அடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.