பண்டிகை ஆஃபரில் வாங்கிய கேம்: பணம் போனால் எங்கே கேட்பது?

தீபாவளி நெருங்கும்போது புதுச்சேரி காட்டேரிக்குப்பத்து செல்போன் கடைகளில் பையன்கள் ரீசார்ஜைவிட ரிடீம் கோடுதான் அதிகம் கேட்கிறார்கள். கையில் இருப்பது மாமாவோ பாட்டியோ கொடுத்த நூறு, இருநூறு ரூபாய். அந்தக் கோடைப் போட்டால் கேமுக்குள் செலவழிக்கும் காசு ஏறும்: ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் டைமண்டு, பிஜிஎம்ஐ-யில் யூசி. கோடு வாங்கக் காசு இல்லாதவன் அப்பாவின் ஜிபேயைத் தேடுவான். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து அசந்து தூங்கும் மனிதருக்கு, பணம் போன குறுஞ்செய்தியைக் காலையில் பார்த்தால்தான் விஷயமே தெரியும்.

கேமுக்குள் வரும் பண்டிகை ஆஃபர் திரையைப் பெற்றோர் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் பழைய விலை, குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் எண்பது சதவீதம் தள்ளுபடி. மேலே சிவப்பு எழுத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் மங்கலாக, விரலுக்குச் சிக்காத அளவில் இருக்கும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட மறுநாளே அதே பொருள் அதே விலைக்கு வேறொரு பண்டிகையின் பெயரில் வந்தால், முதல் நாள் காட்டிய அவசரம் பொய்தானே?

அந்தப் பொய்க்குச் சட்டத்தில் இடமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் ஆளை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைத் தடை செய்தன. இல்லாத அவசரத்தைக் காட்டுவது அதில் ஒன்று. சந்தாவில் சேருவதைச் சுலபமாக்கி, வெளியேறும் வழியை ஒளித்து வைப்பது இன்னொன்று. வாங்க மறுப்பவரைக் கூச வைக்கும் வாசகமும், கேட்காத பொருளைக் கணக்கில் சேர்ப்பதும் பட்டியலில் உண்டு. நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியாவில் தொடர்ந்து விற்றால் இவை அதையும் கட்டுப்படுத்தும்.

பணம் கட்டிச் சூதாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, கேம் தொல்லை இத்தோடு ஒழிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் பணயம் இல்லாத கேம்கள் சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்குவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. நம் பிள்ளைகள் டைமண்டுக்கும் பாஸுக்கும் கொட்டும் பணம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கு என்று 2022-இல் இயற்றிய தனிச் சட்டம் உண்டு. அது புதுச்சேரிக்குச் செல்லாது. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருப்பவர்களுக்குக் கைகொடுப்பவை மத்தியச் சட்டங்களே.

மாதச் சந்தாவை விடப் பெரிய தொகையைக் கறப்பது ‘லைஃப்டைம்’ ஆஃபர். ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுவதும் விளையாடலாம் என்பார்கள். இதற்குப் பழைய சாட்சி ஹெல்கேட்: லண்டன் என்ற அமெரிக்க கேம். 2007 அக்டோபர் இறுதியில் அது வெளியானபோது, முன்பதிவு செய்தவர்களிடம் 150 டாலர் வாங்கிக்கொண்டு ஆயுள் சந்தா கொடுத்தார்கள். மறு வருடமே நிறுவனம் நொடித்தது. 2009 ஜனவரி 31-ஆம் தேதி சர்வரை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து மாதத்தில் முடிந்தது அந்த ஆயுள். எல்லா ஆயுள் சந்தாவும் இப்படிக் கவிழ்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2010-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் ஆன்லைனில் ஆயுள் சந்தா எடுத்தவர்கள் பல ஆண்டு விளையாடியிருக்கிறார்கள். ஆனால் எது நிலைக்கும், எது கவிழும் என்பது வாங்கும் நாளில் யாருக்கும் தெரியாது. தள்ளுபடியின் கவர்ச்சி அந்தக் கேள்வியையே மறக்கடித்துவிடுகிறது.

பணம் கட்டிய கேம் திடீரென நிற்பது நம் நாட்டிலேயே நடந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் போனது; அக்டோபர் 30-இல் சேவையே நின்றது. யூசிக்கும் ராயல் பாஸுக்கும் கொட்டிய பணம் அப்படியே முடங்கியது. அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். பிறகு 2022 ஜூலையில் அதையும் செயலிக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். அடுத்த மே மாதம்தான் திரும்பியது. பலருக்குப் பொருள்கள் திரும்பக் கிடைத்தன, உண்மைதான். ஆனால் அது நிறுவனம் மனம் வைத்துக் கொடுத்தது. விளையாடியவரின் உரிமை என்று யாரும் அதைச் சொல்லவில்லை.

காரணம், ‘ஏற்கிறேன்’ என்று நாம் படிக்காமல் தட்டும் நிபந்தனைகளில் இருக்கிறது. நமக்கு விற்கப்படுவது பொருளே இல்லை, பயன்படுத்த ஓர் அனுமதி. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அங்கே எழுதியிருப்பார்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று மூடியதும், காசு கொடுத்து வாங்கியவர்களால்கூட அதைத் திறக்க முடியவில்லை. அந்தக் கொதிப்பில் ஐரோப்பாவில் தொடங்கிய கையெழுத்து இயக்கம் பத்து லட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலம் ஒருபடி மேலே போய், விற்பது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற பொத்தானை வைக்கக் கூடாது என்று 2025 ஜனவரி முதல் சட்டமாக்கிவிட்டது. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும். அதுவரை நமக்கு ஒரு பிடி உண்டு: நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமாக, ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019 சட்டம் வகைப்படுத்துகிறது. அந்த வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

பணம் கசியும் இன்னொரு ஓட்டை ஆட்டோபே. ‘முதல் வாரம் இலவசம்’ என்று சொல்லி யுபிஐ பின் ஒருமுறை வாங்கிக்கொண்டால் போதும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகையானால் அடுத்தடுத்த தவணைகளுக்கு பின் கேட்காமலே எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும், நிறுத்தும் வசதியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தகவல் ஆங்கிலத்தில், விளம்பரக் குறுஞ்செய்திகளோடு கலந்து வருவதால் கண்ணில் படுவதில்லை. கேமை அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். போகாது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல் மற்றும் சந்தாக்கள் என்ற பகுதியில் அதை ரத்து செய்ய வேண்டும். பிறகு ஜிபே, போன்பே செயலிக்குள் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். எப்போதோ மறந்துபோன சந்தா அங்கே உயிரோடு இருக்கலாம்.

பிள்ளையே வாங்கிவிட்டால்? முதல் 48 மணி நேரம் முக்கியம். கூகுள் பிளேயில் அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். தாண்டினால் கேம் நிறுவனத்திடமே போகச் சொல்வார்கள். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றும் அதுதான் சட்டம். இதை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். கணக்கு அப்பா பெயரில், பின் அப்பாவுடையது, ஆகவே வாங்கியவர் அப்பாதான் என்று நிறுவனம் வாதாடும். அதனால் கேம் கணக்கைப் பிள்ளையின் உண்மையான வயதோடு தொடங்குவது பின்னால் உதவும். வங்கியிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பின் எண்ணை வேறொருவர் அறிய விட்டது உங்கள் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவார்கள். பின் எண்ணைப் பிள்ளைக்குத் தெரியவிடாதீர்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கார்டு விவரத்தைக் கேமில் பதிய வேண்டாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது.

பாதி விலைக்கு டைமண்டு, லைஃப்டைம் பிரீமியம் என்று டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் வருவது வேறு கதை, அது திருட்டு. பணம் வாங்கியதும் ஆள் மறைந்துவிடுவான், அல்லது ஒரு செயலியை இறக்கச் சொல்லி போனையே கைப்பற்றுவான். நொடியும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடியும். பிறகு காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். திட்டு விழும் என்று பிள்ளை பயந்து மறைத்தால் அந்த முதல் மணி நேரம் வீணாகிவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் திட்டாதீர்கள்.

நிறுவனத்தோடு தகராறு என்றால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மின்வணிக விதிகள், 2020-இன்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் சிங்கப்பூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது புதுச்சேரியிலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆஃபர் திரை, கடிகாரம், விலை, பணம் போன யுபிஐ எண், ரத்து செய்ய முயன்ற பக்கம், நிறுவனம் அனுப்பிய பதில் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் மறைந்த பிறகு வேறு ஆதாரம் கிடைக்காது.

இருநூறு ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் பணத்தை மீட்பதற்கு மட்டுமல்லாமல், அந்த ஆஃபரையே நிறுத்துவதற்கும் சட்டத்தில் வழி உண்டு. பலரைப் பாதிக்கும் பொய் விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கே எழுத்திலோ மின்னஞ்சலிலோ புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. மத்திய ஆணையம் விசாரித்து, அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லலாம், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் போடலாம். ஒரே தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஆஃபரில் ஏமாந்திருந்தால், நாலு பேரின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.