வாந்தி நின்றது, கவலை நிற்கவில்லை

இரவு முழுவதும் காய்ச்சலில் முனகிய பிள்ளை, விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து "பசிக்குதும்மா" என்கிறது. தெர்மாமீட்டர் 37 டிகிரி காட்டுகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அன்றுதான் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அனுப்பலாமா, வேண்டாமா? காய்ச்சல் அடித்தபோது என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் குழப்பமே தொடங்குகிறது.

விண்கப்பல் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தைக் காட்டமாட்டார்கள். மருத்துவர் "இனி பயமில்லை" என்பார், கேப்டன் புன்னகைப்பார், கதை முடிந்துவிடும். 'ஸ்டார் டிரெக்' தொடர் தன் கடைசிப் பருவத்தில் இருந்த 1969 மார்ச் மாதம், உண்மையான விண்கலம் ஒன்றின் தளபதிக்கு இதே கேள்வி வந்தது.

அவர் ஜேம்ஸ் மெக்டிவிட், வயது 39. விண்கலம் அப்போலோ 9.

மூன்றாம் நாள்

அப்போலோ 9 நிலவுக்குப் போகவில்லை, பூமியைத்தான் சுற்றியது. நிலவில் இறங்கப் போகும் கலத்தை மனிதர்களோடு விண்ணில் முதன்முறையாகச் சோதிப்பதே அதன் வேலை. மூன்று வீரர்களுக்கும் சளி பிடித்ததால் பயணம் சில நாள் தள்ளிப்போய், மார்ச் 3ஆம் தேதி புறப்பட்டார்கள். தாய்க்கலத்தின் செல்லப்பெயர் 'கம்ட்ராப்'. நிலவுக்கலத்துக்கு 'ஸ்பைடர்', அதாவது சிலந்தி.

மூன்றாம் நாள், நிலவுக்கலத்தின் விமானியான ரஸ்டி ஷ்வைகார்ட் விண்ணுடையை மாட்டும்போது வாந்தி எடுத்தார். சில மணி நேரம் கழித்து, ஸ்பைடருக்குள் மீண்டும் வாந்தி.

மறுநாள் அவர் செய்யவேண்டிய வேலை விண்நடை. நிலவில் நடப்பதற்காகச் செய்த முதுகுப்பையை அணிந்து ஸ்பைடரிலிருந்து வெளியேறி, கைப்பிடிகளைப் பற்றியபடி கம்ட்ராப்புக்குப் போகவேண்டும். இரண்டு கலங்களையும் இணைக்கும் சுரங்கவழி ஒருநாள் அடைபட்டால், உயிரோடு தாய்க்கலம் திரும்ப அந்த ஒரு வழிதான் இருந்தது.

தலைக்கவசத்துக்குள் வாந்தி வந்தால் என்ன ஆகும்? எடையற்ற நிலையில் அது கீழே விழாது. முகத்தைச் சுற்றியே மிதந்து மூக்கையும் வாயையும் அடைக்கும். கவசத்துக்குள் கைவிட்டுத் துடைக்க முடியாது. வெட்டவெளியில் கவசத்தைக் கழற்றவும் முடியாது. மூச்சுத் திணறிச் சாகலாம்.

மெக்டிவிட் விண்நடையை ரத்து செய்தார்.

சொல்வதா, மறைப்பதா?

அந்தக் காலத்தில் விண்வெளியில் உடம்பு சரியில்லை என்று சொல்வது வீரர்களுக்குப் பெரிய தயக்கம். 1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவை நோக்கிப் போனபோது, அதன் தளபதி ஃபிராங்க் போர்மன் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அவதிப்பட்டார். எல்லாரும் கேட்கும் வானொலியில் அதைச் சொல்லாமல், நாடாவில் பதிவுசெய்து தரைக்கு அனுப்பினார்கள். தரையில் இருந்தவர்கள் அதைக் கேட்கச் சிறிது நேரம் ஆனது.

மெக்டிவிட் மறைக்கவில்லை. தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு தனியாகப் பேச வழி கேட்டு, நடந்ததைச் சொன்னார். மருத்துவர்களுக்கு உண்மை தெரிந்தது. அதே நேரம், நோயாளியின் வாந்தி நேரடி ஒலிபரப்பில் உலகத்துக்கே செய்தியாகவும் போகவில்லை.

ஷ்வைகார்டின் மனத்தில் வேறொரு பாரம் இருந்தது. பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதன் என்று அதிபர் கென்னடி வைத்த இலக்கு தன் வயிற்றால் தவறிப்போகுமோ என்று அவர் அஞ்சினார். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள் காலை

மார்ச் 6. ஷ்வைகார்ட் எழுந்தார், தெளிவாக இருந்தார். நெருக்கடி முடிந்தது. தளபதியின் கவலை அப்போதுதான் கூர்மையானது.

நேற்று மறுப்பது எளிது. நோய் கண்ணெதிரே இருந்தது. இன்று "நான் நன்றாக இருக்கிறேன்" என்கிறார் வீரர். அதை எவ்வளவு தூரம் நம்புவது? வேலையைத் தவறவிட்டுவிட்டோமே என்று மனம் வருந்துகிறவர்தான் அப்படிச் சொல்ல அதிகம் ஆசைப்படுவார். வெளியே அனுப்பாவிட்டால் முதுகுப்பை சோதிக்கப்படாமலே நிலவுக்குப் போகும். அனுப்பி, அவருக்கு மீண்டும் குமட்டினால், இரண்டு கலங்களிலும் அப்போது காற்று இருக்காது.

மெக்டிவிட்டுக்கு விண்நடை புதிதல்ல. 1965இல் ஜெமினி 4இன் தளபதியாக, நண்பர் எட் வைட் வெளியே மிதந்தபோது உள்ளே காத்திருந்தவர் அவர். வைட் திரும்பிய பின் கதவு மூட மறுத்து இருவரையும் பாடுபடுத்தியது.

அவர் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'முடியாது' என்றும் சொல்லவில்லை. படிப்படியாகப் போனார். முதலில், காற்றை மட்டும் வெளியேற்றி, ஷ்வைகார்ட் உள்ளேயே இருந்து முதுகுப்பையைச் சோதிப்பதாகத் திட்டம். உடை மாட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் அவரைக் கவனித்தார். தேறிவிட்டார் என்று தோன்றிய பிறகுதான் வாசல் மேடைவரை போக அனுமதித்தார். கம்ட்ராப்புக்குக் கடந்து போவது கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டியது சுமார் 40 நிமிடமாகச் சுருங்கியது.

அங்கே, படமெடுத்துக்கொண்டிருந்த டேவிட் ஸ்காட்டின் கேமரா சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் பொறுத்திருக்கச் சொன்னார் தளபதி. செய்வதற்கு எதுவும் இல்லாமல் ஷ்வைகார்ட் பூமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுவதும் அவர் திரும்பத் திரும்பப் பேசியது அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான்.

மறுநாள் இருவரும் ஸ்பைடரில் ஏறி, ஆறு மணி நேரத்துக்கும் மேலாகத் தாய்க்கலத்தைப் பிரிந்து, சுமார் 180 கிலோமீட்டர் தூரம்வரை போய்த் திரும்பினார்கள். ஸ்பைடருக்கு வெப்பக் கவசம் கிடையாது. கம்ட்ராப்போடு மீண்டும் இணையாவிட்டால் பூமிக்குத் திரும்ப வழியே இல்லை. ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கியது.

மிஞ்சியது என்ன?

ஷ்வைகார்ட் அதன்பின் விண்வெளிக்குப் போகவில்லை. ஆனால் வெட்கப்பட்டு ஒதுங்கவும் இல்லை. விண்வெளிக் குமட்டலைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தன் உடம்பையே கொடுத்தார். விண்ணுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் சில நாள்களில் இந்தத் தொல்லை வருகிறது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அது கோழைத்தனம் அல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு புதிய சூழலுக்குப் பழகும் பாடு. இன்று அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மருத்துவரோடு தனியாகப் பேசுவது வழக்கமான ஏற்பாடு.

நம் அலுவலகங்களிலும் இது நடக்கிறது. எம்.சி. முடிந்து திரும்பும் சக ஊழியர் "ஓகே, ஓகே" என்கிறார். தேங்கிய வேலை முழுவதையும் அன்றே அவர் மேசையில் வைக்கிறோம். அல்லது இரக்கப்பட்டு, அவருக்குப் பிடித்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் மேடை இருக்கிறது. கொஞ்சம் வேலை, பக்கத்தில் ஒருவர், தேவைப்பட்டால் உடனே உள்ளே திரும்பும் வழி.

அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். ஓட்டப் பந்தயம் வேண்டாம், நண்பர்களுக்குக் கைதட்டட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முகம் வாடினால் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம்.