நடுவில் ஓராண்டு ஜெர்மனியில்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், நடுவில் ஓராண்டு ஜெர்மனிக்குப் போய்ப் படித்து வரலாம். அருமையான வாய்ப்பு, விடாதீர்கள். ஆனால் உடன் தங்கியிருக்கும் அமெரிக்க மாணவரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அவர் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறி, ஜெர்மனியில் இறங்கிய பிறகு குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. புறப்படும் முன்பே விசா கையில் வேண்டும். உதவித்தொகை இல்லாதவர்கள் செலவுக்குப் பணம் காட்ட, பெரும்பாலும் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ தொடங்குகிறார்கள். 2025 நிலவரப்படி அதில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும்.

இதைவிட முக்கியம், திரும்பி வரும் வழி. 5 மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஃப்-1 மாணவர் தகுதி பறிபோகலாம். உங்கள் பல்கலைக்கழகமே அனுப்பும் திட்டமாக இருந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் உங்கள் பதிவும் தொடர்ந்தால் கவலையில்லை. எஃப்-1 விசா திரும்பும் நாளில் செல்லுபடியாகுமா, ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கையெழுத்து ஓராண்டுக்குத்தான் செல்லும். பணம் கட்டும் முன், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்ப் பேசிவிடுங்கள்.